பாதி மாங்காய்

இந்த ஊரில் வசந்தம் என்றால்
தொலைக்காட்சியில் ஓர் ஒளிவழி.
செய்தி வரும், நாடகம் வரும்,
சமையல் நிகழ்ச்சியில் யாரோ வெங்காயம் வதக்குவார்.
மற்றபடி வெயில்.
வெயில் அலுத்தால் மழை.

ஆனாலும் பிப்ரவரி வறண்டு முடிந்து
ஒரு மழை பெய்த மறுவாரம்
ஈசூன் சாலையோர மரங்கள்
ஒருவரையும் கேட்காமல் இளஞ்சிவப்பாகிவிடும்.
புளோக்குக்குக் கீழே நிறுத்திய என் கணவரின் லாரியில்
வேப்பம்பூ உதிர்ந்து கிடக்கும்.
மரத்தில் பறித்தால் அபராதமோ என்னவோ,
லாரியில் அள்ளினால் யார் கேட்பது?
கண்ணாடித் துடைப்பானைத் தூக்கி, வழித்து,
ரொட்டி வந்த பையில் போட்டுக்கொண்டேன்.
புறா இறகு ஒன்றும் கூடவே வந்தது.

பூ ஆயிற்று.
மாங்காய் வேண்டும்.
நாளை சித்திரை ஒன்று.

சோங் பாங் சந்தைக்கு ஆறரைக்குப் போனால்
தரை இன்னும் ஈரம்.
மீன்காரர் ஐஸ் கொட்டும் ஓசை
யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிப்பதுபோல் இருக்கும்.
கிராஞ்சியிலிருந்து கீரை வந்துவிட்டிருந்தது,
வேரில் மண்ணோடு.
இந்தத் தீவிலும் மண் உண்டு என்பதற்கு
என்னிடம் உள்ள அத்தாட்சி,
கட்டு ஒன்றரை வெள்ளி.

மாம்பழம் குவிந்து கிடக்கிறது, தாய்லாந்துப் பழம்,
தேன் தேன் என்று கத்துகிற பழம்.
புளிப்பு எங்கே?
ரொஹாயா கடையில்
இஞ்சிப்பூவுக்கும் பெத்தாய்க்கும் பின்னால்
ஒளிந்திருந்தது ஒற்றை மாங்காய்.
விரலால் தட்டினேன். கல்.
"அது போச்சு," என்றாள் ரொஹாயா.
"ரொஜாக் கடைக்காரர் நேற்றே சொல்லிவைத்துவிட்டார்."
ஒரே ஒரு பச்சடிக்கு, மக்சிக், என்று கெஞ்சினேன்.
என் மலாய் பேரம் பேச மட்டும் படித்த மலாய்;
கெஞ்சத் தெரியாது அதற்கு.
விலையைக் குறைக்கச் சொல்வதுபோலவே வந்து விழுந்தது.

அதற்குள் அவரே வந்துவிட்டார், ஸ்வீ கியாவ்,
அரைக்கால் சட்டை, காதில் பென்சில்.
என்னைப் பார்த்தார், மாங்காயைப் பார்த்தார்,
பையிலிருந்த பூவை முகர்ந்து
தும்மினார்.
"கசக்குமா?"
"கசக்கும்."
"தெரிந்தே சாப்பிடுவீர்களா?"
"வருடத்தில் ஒரு நாள்."
"நான் பாகற்காய் வாரம் மூன்று நாள்," என்றார்,
சீட்டாட்டத்தில் துருப்பை இறக்குபவர்போல.

ரொஹாயா கத்தியை எடுத்தாள்.
தராசு இல்லை, கண்ணளவு.
இந்தப் பக்கம் ஒரு கன்னம், அந்தப் பக்கம் ஒரு கன்னம்.
கொட்டை யாருக்கு?
மூன்று பேரும் ஒரு நொடி பேசவில்லை.
கடைசியில் அவளே வைத்துக்கொண்டாள்.
கூலியாம்.
உப்பைத் தொட்டு அங்கேயே சப்பத் தொடங்கினாள்.
எனக்கு ஐம்பது காசு.

விடிந்ததும் அடுப்பு.
வெல்லம் உருகிய வாசனைக்கு
எதிர்வீட்டுக் கதவு ஒருக்களித்தது.
பூ நெய்யில் கருகுமுன் எடுக்க வேண்டும்;
நான் எடுக்கவில்லை.
அமுதினி கைபேசியிலிருந்து தலை நிமிராமல்
"ஏதோ தீயுதும்மா" என்றாள்.
கருகலும் கசப்பில்தான் சேர்த்தி என்று சொல்லிவிட்டேன்.
பாதி மாங்காய் போதவில்லை.
தித்திப்பு முந்திக்கொண்டு வந்து நின்றது,
கல்யாண வீட்டு வாசலில்
மாப்பிள்ளையின் சித்தப்பா நிற்பதுபோல.
கோலிக்குண்டளவு புளியைக் கரைத்து ஊற்றி
அவரை உள்ளே அனுப்பினேன்.
கணவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.
லாரிக் கண்ணாடி பற்றி நான் வாய் திறக்கவில்லை.

மத்தியானம், பாத்திரம் கழுவுமுன்
கரண்டியை நக்கிக்கொண்டிருந்தபோது தோன்றியது:
என் வருடத்தின் மறுபாதி
இந்நேரம் இறால் விழுதில் புரண்டு,
கடலைத்தூள் பூசி, குச்சியில் ஏறி
யார் வாய்க்குள்ளோ போயிருக்கும்.
இரவு வேலை முடிந்த தாதியோ,
பள்ளிக்கு மட்டம் போட்ட பையனோ.
முதல் கடியில்
ஒரு கண் தானாக மூடியிருக்கும்.

மூடிய அந்தக் கண்ணுக்கும்
புத்தாண்டு வாழ்த்து.